முறிவு வைத்தியர் வொங் பெய்ஹுங்

வொங் பெய்ஹுங் என்னும் பெயரைக் கேட்டவுடன் ஹொங்கொங் திரைப்படங்களின் குங்பூ வீரரே பலர்க்கும் நினைவுக்கு வருவார். 1949-ஆம் ஆண்டு தொடங்கிய அப்படங்கள் அவரை ஓயாது சண்டையிட வைத்துவிட்டன. என் உள்ளத்தைக் கவர்ந்தவரோ, மருந்துச் சாடிகளின் நடுவே அமர்ந்து பிறர் எலும்பைத் தடவிப் பார்த்த வைத்தியரே.

தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணத்திலே, போஷான் நகரை அடுத்து, 1847-ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் அவர். தந்தையார் வொங் கெய்யிங் ஊரூராகச் சென்று வித்தை காட்டி மருந்து விற்றார். மைந்தரும் சிறு பிராயத்திலேயே உடன் சென்றார். வித்தையும் மருந்தும் ஒரே தொழிலாயிருந்தமை வியப்பன்று. குங்பூ பயிலுமிடத்திற் சுளுக்கும் முறிவும் அன்றாட நிகழ்ச்சிகள். அவற்றை ஆற்ற அறியாதவர் ஆசானாக நிலைத்தல் அரிது.

பின்னர் கன்ரன் நகரில் அவர் நடத்திய வைத்தியசாலை போ சீ லாம் எனப்பட்டது. இவ்வைத்திய முறையைத் தென்சீனர் தித் தா என்பர்; வீழ்தலும் அடிபடுதலும் என்பது அதன் பொருள். முதலில் விரல்களால் தடவி, விலகிய எலும்பை அதனிடத்திற் பொருத்துவர். அதன்பின்பே மருந்து. அடிபட்ட புதிதில் வீக்கமும் வெப்பும் மிகுந்திருக்குமாதலால் ரேவற்சின்னி போன்ற குளிர்ச்சிச் சரக்குகளை அரைத்துத் துணியிற் பரப்பிப் பற்றிடுவர். நாட்சென்றும் நோவு தணியாவிடின் சூட்டுச் சரக்குகளுக்கு மாறுவர். குந்துருக்கம், வெள்ளைப்போளம், குசும்பாப்பூ முதலியவற்றை மதுவில் நெடுநாள் ஊறவைத்து, அம்மதுவைக் கன்றிய இடத்தில் அழுத்தித் தேய்ப்பதும் உண்டு. (முதலிரண்டும் அரபு, சோமாலியக் கரைகளிலிருந்து கப்பலேறிச் சீனம் சென்றவை.) அதனைக் குடிக்கலாகாது, திறந்த புண்ணிலும் படவிடலாகாது. சில கூட்டுக்களில் நஞ்சாகிய வச்சநாவியும் சேர்வதால் இவ்வெச்சரிக்கையை நான் சிறிதாக எண்ணேன்.

கருங்கொடிப் படைத்தலைவர் லியு யுங்புவின் காலைக் குணப்படுத்தி அப்படைக்கே வைத்தியரானாரென்றும், 1895-இல் ஜப்பானியரை எதிர்க்க அவருடன் தைவான் சென்றாரென்றும் அவர் வரலாறு சொல்வோர் உரைப்பர்.

1924-ஆம் ஆண்டு ஒக்ரோபரில், சுன் யாட் சென் அரசுக்கும் கன்ரன் வணிகர் படைக்கும் மூண்ட மோதலில் நகரின் மேற்குப் பகுதி தீக்கிரையாயிற்று. போ சீ லாமும் எரிந்தது. அந்தத் துயரின் பின் அவர் நெடுநாள் வாழவில்லை. அடுத்த ஆண்டே நோயுற்று மறைந்தார்.

கையோடு கையாகக் கற்பிக்கப்படும் ஒரு கலைக்கு, கட்டடம் எரிவதினும் ஆசான் மறைவதே பேரிழப்பு. ஆயினும் அக்கலை முற்றாக அழியவில்லை. 1991-இல் வெளிவந்த புகழ்பெற்ற படம் அவருக்குக் கற்பனைக் காதலி ஒருத்தியைப் படைத்தளித்தது. உண்மை மனைவியான மொக் குவைலானின் கதை அதனினும் பெரிது என்பேன். கணவரை இழந்த அவர் ஹொங்கொங் சென்றார். அங்கே குங்பூ கற்பித்தார். முறிவுண்டு வந்தோருக்கு மருந்தும் கட்டினார். 1982-ஆம் ஆண்டுவரை அவர் வாழ்ந்திருந்தார்.