கீல் நகரத்து இரணவைத்தியர்

நான் பள்ளி மாணவனாயிருந்த காலத்தில், எங்கள் அயலில் பனையோலை வெட்டிக்கொண்டிருந்த ஒருவருடைய முன்னங்கையிற் கத்தி ஆழப் பதிந்துவிட்டது. ஊர் கூடியது. ஒருவர் கோப்பித்தூளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். இன்னொருவர் வைத்தியரைத் தேடிச் சைக்கிளில் விரைந்தார். ஏனையோர் ஐயோ என்று நின்றனர். நின்றவர்களுள் நானும் ஒருவன். இரத்தமோ நிற்கவில்லை. விடுமுறையில் வந்திருந்த புகையிரத ஊழியர் ஒருவர் கூட்டத்தை விலக்கி வந்து, தம் தோளிற் கிடந்த சால்வையை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, இறுகக் கட்டினார். வைத்தியர் வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஓலை வெட்டியவர் பிழைத்துக்கொண்டார்.

வைத்தியரல்லாத ஒருவருக்கு இவ்வித்தை எங்கிருந்து வந்தது என்ற வினா என் மனத்தில் நெடுநாள் கிடந்தது. விடை தேடிச் சென்றபோது நான் சந்தித்த பெயர்களுள் ஒன்று பிரெடெரிக் எஸ்மார்க்.

எஸ்மார்க் 1823ஆம் ஆண்டு ஜனவரி 9ஆந் திகதி, ஷிலெஸ்விக் நாட்டின் கடலோரச் சிற்றூராகிய டோனிங்கிற் பிறந்தார். தந்தையாரும் வைத்தியரே. அக்காலத்தில் அந்நாடு டென்மார்க் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1848இல் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது இளைஞராகிய எஸ்மார்க்கும் அவர்களோடு சேர்ந்து, டேனியரிடம் சிறைப்பட்டு மீண்டார். பின்னர் கீல் சர்வகலாசாலையில் இரணவைத்தியப் பேராசிரியரானார். 1864இலும் 1870இலும் மீண்டும் யுத்தங்கள் மூண்டன. காயப்பட்டோர் மத்தியில் மீண்டும் அவர் நின்றார்.

வைத்திய உலகில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது இறப்பர்ப் பட்டியொன்று. கால் விரல்களிலிருந்து மேல்நோக்கி அதனை இறுகச் சுற்றினால் இரத்தம் உடலை நோக்கித் தள்ளப்படும். பின் மேலே ஒரு கட்டுப் போட்டுவிட்டுப் பட்டியை அவிழ்த்தால், இரத்தஞ் சிந்தாமற் காலில் அறுவை செய்யலாம். 1873இல் அவர் வெளியிட்ட இம்முறையினால் இரத்தமிழந்து மாண்டிருக்கக்கூடிய பலர் உயிர் தப்பினர். இன்றும் அப்பட்டி அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆயினும் அறுவை மேசைக்கு வந்துசேர்ந்தவனுக்கல்லவா அந்தப் பட்டி உதவும்? வழியிலே இறந்தவனுக்கு எந்தப் பேராசிரியர் என்ன செய்ய முடியும்? போர்க்களத்திலும் வீதியிலும் தாம் கண்ட சாவுகளுட் பல, அருகில் நின்றவனுக்குச் சிறிது தெரிந்திருந்தால் நேர்ந்திருக்கமாட்டா என்ற எண்ணம் எஸ்மார்க்கை விடாது வருத்திற்று. தம் கலையின் எல்லையை இவ்வாறு உணர்ந்ததையே அவருடைய பெருமைகளுள் தலையாயதாக நான் கருதுகிறேன்.

1881இல் வைத்திய மகாநாடொன்றுக்காக அவர் இலண்டன் சென்றார். அங்கே சென் ஜோன் அம்புலன்ஸ் சங்கம் 1877இலேயே தோன்றியிருந்தது. மறு ஆண்டு வூலிச்சிற் சாதாரண மக்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தியவர்களுள் ஒருவரான இராணுவ வைத்தியர் பீற்றர் ஷெப்பேர்ட், 1879 ஜனவரியில் சூலு யுத்தத்தில் மாண்டுபோனார். அவர் தொடங்கிய வகுப்புகளோ பெருகிக்கொண்டிருந்தன. இவற்றை அறிந்து திரும்பிய எஸ்மார்க், 1882இற் கீல் நகரில் சமாரியப் பாடசாலையைத் தொடக்கினார். வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவனுக்குக் காயங்கட்டிய சமாரியனின் கதை விவிலியத்தில் உண்டு. அவன் வைத்தியன் அல்லன்.

பாடங்கள் ஐந்தே. இரத்தப் பெருக்கு, எலும்பு முறிவு, தீக்காயம், நீரில் மூழ்குதல், நஞ்சு முதலியவற்றுக்கு உடனே செய்யத்தக்கவை எவை, செய்யத்தகாதவை எவை என்பதே பொருள். அன்றாடம் கைக்கெட்டும் பொருள்களே கருவிகள். முக்கோணத் துணியை முதலில் எடுத்துக்காட்டியவர் சுவிற்சர்லாந்து வைத்தியர் மேயர். அதிற் கட்டும் முறைகளைப் படங்களாக அச்சிட்டுப் பரப்பியவர் எஸ்மார்க். ஆடவர் காற்சட்டையைத் தாங்கும் தோட்பட்டியைக்கூட, வேண்டியபோது இரத்தத்தைத் தடுக்குங் கட்டாக மாற்றத்தக்கதாய் அவர் அமைத்தார். பெரும் பேராசிரியரொருவர் காற்சட்டைப் பட்டியைப்பற்றிச் சிந்தித்தாரென்பதை எண்ணுந்தோறும் எனக்கு அவர்பால் அன்பு பெருகுகிறது.

வைத்தியர் பலருக்கு இது பிடிக்கவில்லை. அரைகுறை அறிவு பெற்றோர் போலி வைத்தியராகிவிடுவரென்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கோப்பித்தூள் ஏந்தி வந்தவரும் நல்லெண்ணத்தோடுதான் வந்தார். எஸ்மார்க் அதனைக் கருத்திற்கொண்டே எல்லை வகுத்தார்: வைத்தியரே கற்பிக்கவேண்டும், வைத்தியர் வந்ததும் சமாரியனின் கடமை முடிந்துவிடவேண்டும்.

அவருடைய இரண்டாம் மனைவி ஹென்றியெட்டா ஓர் இளவரசி. அவ்வம்மையாரின் சகோதரரை மணந்தவர் விக்டோரியா மகாராணியின் புதல்வி ஹெலெனா. அவ்விளவரசியே எஸ்மார்க்கின் ஐந்து விரிவுரைகளையும் 1882இல் ஆங்கிலத்திற் பெயர்த்தார். அரண்மனை உறவு நூலைப் பரப்ப உதவியதென்பது மெய்யே. எனினும் எனக்கு அதைவிட இனிக்கும் செய்தி வேறு. 1888இற் பேர்லினில் ஆறு தச்சர்கள் முன்னின்று, தொழிலாளருக்கென விபத்து முதலுதவி வகுப்பொன்றை ஏற்பாடு செய்தனர். சாரங்களிலிருந்து விழுந்தவர்களைக் கண்ணாற் கண்டவர்கள் அவர்கள்.

எஸ்மார்க் 1908 பெப்ரவரி 23ஆந் திகதி கீல் நகரிலே காலமானார். அப்போது அவருக்கு வயது 85.

முப்பது வயதைக் கடந்த பின்னரே நான் முதலுதவி வகுப்பொன்றிற் சேர்ந்தேன். முதல் நாள் என் கையில் ஒரு முக்கோணத் துணியைத் தந்தார்கள். முடிச்சை மூன்று முறை பிழையாகப் போட்டேன். நான்காம் முறை அது இறுகி நின்றது.