500 டாலர் பந்தயம்: பால் எர்டிஷ்

எர்டிஷ் நம்பர் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. பால் எர்டிஷோட சேர்ந்து பேப்பர் எழுதினவருக்கு நம்பர் 1. அந்த 1-காரரோட எழுதினவருக்கு 2. மொத்தம் சுமார் 1,500 பேப்பர், 500-க்கும் மேல கூட்டாளிகள். ஒரு மனுஷனால இது எப்படி முடிஞ்சது?

1913-ல் புடாபெஸ்டில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே கணித ஆசிரியர்கள். அவர் பிறந்த நாட்களிலேயே இரண்டு அக்காக்களும் ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்துபோனார்கள். மிஞ்சின ஒரே பிள்ளையை அம்மா பொத்திப் பொத்தி வளர்த்தார். 1934-ல், 21 வயசில் டாக்டர் பட்டம். நம்ம வயசுதான்!

அதுக்கப்புறம் சொந்த வீடு இல்லை, நிரந்தர வேலையும் இல்லை. ஒரு பெட்டியோட ஊர் ஊராப் போய், நண்பர்கள் வீட்டில் தங்கிக் கணக்குப் போட்டார். 1975-ல் மெட்ராஸ் கல்லூரி மாணவர் கிருஷ்ணசுவாமி அல்லாடியைச் சந்திக்கவே பயணப் பாதையை மாத்திக்கிட்டு இங்கே வந்தார்.

1971-ல் அம்மா இறந்தார். அதிலிருந்துதான் தினமும் மாத்திரை: 10 முதல் 20 மில்லிகிராம் பென்செட்ரின் அல்லது ரிட்டாலின். கூடவே ஸ்ட்ராங் காபி, கஃபீன் மாத்திரை. ஒரு நாளைக்கு 19 மணி நேர வேலை.

நண்பர்கள் கவலைப்பட்டாங்க. 1979-ல் ரொனால்ட் கிரஹாம் ஒரு பந்தயம் கட்டினார்: ஒரு மாசம் மாத்திரையைத் தொடாம இருந்தா 500 டாலர். எர்டிஷ் ஜெயிச்சார். ஆனா அந்த மாசம் முழுக்க வெறும் தாளையே வெறிச்சுப் பார்த்ததாகவும், கணிதமே ஒரு மாசம் பின்னாடி போனதாகவும் குறைபட்டுக்கொண்டார். உடனே மறுபடி மாத்திரை.

இந்தக் கதையைச் சொல்லி, பரீட்சை நேரத்தில் யாராவது உங்ககிட்ட மாத்திரை நீட்டலாம். அப்போ ரெண்டு விஷயம் யோசிங்க. பழகின உடம்பில் திடீர்னு நிறுத்தினா, சோர்வும் மந்தமும் வருவது இயல்பு. அந்த வெறும் தாளுக்கு அதுவே காரணமா இருக்கலாம். இன்னொன்று, பகா எண் தேற்றத்துக்கான எளிய நிரூபணத்தில் அவர் பங்கு, நிகழ்தகவு முறை, 1951-ன் கோல் பரிசு எல்லாமே 1971-க்கு முன்னாடி வந்தவை.

ஏடிஎச்டி, நார்கோலெப்சி இருக்கிறவங்களுக்கு இதே வகை மருந்து பகலை மீட்டுக் கொடுக்குது. அவங்களுக்கு எவ்வளவு, எந்த நேரம், எப்போ கூட்டணும் குறைக்கணும்னு டாக்டர் பார்த்து முடிவு பண்றார். ஹாஸ்டல் நண்பன் தர்ற மாத்திரையில் அந்தக் கணக்கு கிடையாது.

எர்டிஷ் 1996-ல், 83 வயசில், வார்சாவில் ஒரு கணித மாநாட்டுக்குப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். அவர்கிட்ட இருந்து எடுத்துக்க நிறைய இருக்கு. மாத்திரையை மட்டும் விட்டுடுங்க.