பிளானை வாங்கியதும் முதலில் தெருவில் நடந்து பார்த்தவர்... யார் இந்த பேட்ரிக் கெடிஸ்?

தென்காசி, குற்றாலம் பக்கம் வரும் ரோ ஹவுஸ் திட்டம் ஒன்றின் பிரோஷர் வாட்ஸ்அப்பில் வந்தால் முதலில் என்ன பார்ப்போம்? விலை, சதுர அடி, கார் பார்க்கிங். ஓரத்தில் பச்சை கலரில் ஒரு பூங்கா, நடைபாதை, வரிசையாக மரங்கள் இருக்கும். அதை யாரும் உத்துப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் இப்போ என்ன இருக்கு? குளமா, வாய்க்காலா, பழைய புளியமரமா? நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வியோடு தமிழ்நாட்டு நகரங்களைச் சுற்றியவர் பேட்ரிக் கெடிஸ்.

1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் டண்டீயில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். இளம் வயதில் மெக்சிகோ போனபோது கொஞ்ச காலம் கண் பார்வை போனது. மைக்ரோஸ்கோப் வேலை கஷ்டமாகிவிட, செடிகளிடமிருந்து மனிதர்கள் வாழும் இடங்கள் பக்கம் கவனம் திரும்பியது. கல்யாணமான புதிதில் மனைவி அன்னாவோடு எடின்பரோவின் நெரிசலான பழைய பகுதியில் குடியேறினார். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு சுத்தம் செய்வது, சுண்ணாம்பு அடிப்பது, காலி இடுக்குகளில் தோட்டம் போடுவது எனத் தொடங்கியதுதான் அவருடைய நகரத் திட்டமிடல்.

சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைக்க, 1914-ல் இந்தியா வந்தார். உலக நகரங்களின் வரைபடங்கள், படங்கள் கொண்ட அவரது கண்காட்சி தனிக் கப்பலில் வந்தது. அந்தக் கப்பலை மூழ்கடித்தது எது தெரியுமா? சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்! நண்பர்கள் அவசரமாக வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தே விட்டது.

பிறகு மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம், கோயம்புத்தூர் என ஊர் ஊராகப் போனார். நகராட்சிகள் போட்டு வைத்த பிளான்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் வேலை. பெரும்பாலும் ஒரே பாட்டுதான்: நெரிசலா, வீடுகளை இடி, நேராக அகலமான ரோடு போடு. தஞ்சாவூர் கோட்டைப் பகுதிக்கும் அப்படி ஒரு பிளான் இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். எந்த வீட்டில் ஆள் இருக்காங்க, எது இடிஞ்சு கிடக்கு, எங்கே கிணறு, எங்கே மரம் என்று குறித்தார். பாழடைந்த சில கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டு, கிடைத்த இடத்தில் மரம் வைத்து, சின்னச் சின்ன முற்றங்களாக்கச் சொன்னார். இடிப்பது குறைவு என்பதால் செலவும் குறைவு. வீட்டை இழந்த ஏழை எங்கே போவான் என்பதற்கு அந்த நேர்கோட்டு பிளான்களில் பதிலே இல்லை என்பதுதான் அவருடைய கோபம்.

குளங்களை மூடுவதையும் எதிர்த்தார். மலேரியா பயமா? மீனும் வாத்தும் விடுங்க, கொசுப் புழுவை அவை தின்னும் என்பது அவர் வாதம். கோயிலைச் சுற்றித் தேரோடும் வீதிகள், தெப்பக்குளம் என அமைந்த நம்ம கோயில் நகரங்களை அவர் மதித்தார். தென்காசியில் காசி விஸ்வநாதர் கோயிலைச் சுற்றி ரத வீதிகளில் நடந்தால், அவர் எதைச் சொன்னார் என்று புரியும்.

1917 கொடுமையான வருஷம். மூத்த மகன் அலஸ்டேர் பிரான்ஸ் போர்முனையில் இறந்தான். இந்தியாவில் நோயில் படுத்திருந்த அன்னாவிடம் அந்தச் செய்தியைச் சொல்ல கெடிஸுக்கு மனம் வரவில்லை. மகனின் பழைய கடிதங்களையே வாசித்துக் காட்டினார். சில வாரங்களில் அன்னாவும் போய்விட்டார்.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. அடுத்த ஆண்டே இந்தூருக்கு இரண்டு தொகுதி அறிக்கை. 1919-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். 1925-ல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம்.

இன்றைய தமிழ்நாடு விதிப்படி, 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு. அதனால பிரோஷரில் உள்ள பச்சை, அனுமதி பெற்ற வரைபடத்திலும் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. குற்றாலத்தில் அடிக்கும் மழை உங்க தெருவைத் தாண்டி எந்த வாய்க்காலில் சேரும் என்பதையும் கேளுங்க.

கெடிஸுக்கு சர் பட்டம் கிடைத்தது 1932-ல். அதே ஆண்டு ஏப்ரல் 17-ம் தேதி, பிரான்ஸின் மான்ட்பெல்லியேயில் காலமானார். கடைசி ஆண்டுகளில் அங்கே ஒரு கல்லூரி கட்டிக்கொண்டு, சுற்றிலும் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.