ஜி இல்லாத ஜி13 கார்டு: யார் இந்த பில் எவான்ஸ்?

பியானோவில் ஜி7 கார்டு என்றால் ஜி, பி, டி, எஃப் என நாலு கட்டைகள். ஜி-யை 1 என்று எண்ணிக்கொண்டே மேலே போனால் ஏ 9-வது, ஈ 13-வது. இந்த ரெண்டையும் சேர்த்தால் ஜி13. ஆனா ஆறு கட்டைகளை ஒரே கையில் எப்படிப் பிடிப்பது?

அமெரிக்க ஜாஸ் கலைஞர் பில் எவான்ஸ் (1929–1980) ஜி-யையே விட்டுட்டார். டி-யும் வேண்டாம். இடது கையில் எஃப், ஏ, பி, ஈ மட்டும். இப்படி வாசித்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. ஆனாலும் இது பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, அடிப்படைச் சுரமான ஜி? அது பாஸ் கலைஞரின் பொறுப்பு. நியூஜெர்சியில் பிறந்து, 1959-ல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் வாசித்த எவான்ஸுக்கு அப்படிக் கிடைத்தவர் ஸ்காட் லஃபாரோ. அவரோ அடிச்சுரத்தை மட்டும் தாங்கிப் பிடிக்கிற ஆள் இல்லை; பியானோவுக்குப் பதில் பேசினார். டிரம்ஸில் பால் மோஷன்.

1961 ஜூன் 25-ல் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் மூவரின் கச்சேரி பதிவானது. 11 நாள் கழித்து, கார் விபத்தில் லஃபாரோ இறந்தார். வயது 25. ஏற்கெனவே ஹெராயின் பழக்கத்தில் சிக்கியிருந்த எவான்ஸ், பல மாதங்கள் மேடைப் பக்கமே போகவில்லை. சக் இஸ்ரேல்ஸ் பாஸ் வாசிக்க வந்த பிறகு, 1962-ல்தான் டிரியோவின் அடுத்த ஆல்பமான 'மூன் பீம்ஸ்' பதிவானது.