திக்குவாயைப் பாட்டாக்கிய ‘ஸ்கேட்மேன்’: யார் இந்த ஜான் லார்கின்?

தலையில் தொப்பி, தடித்த மீசை, சூட். 1995-ல் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது இவரோட ‘ஸ்கேட்மேன்’ பாட்டு. இன்றைக்கும் மீம்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஹிட்டானபோது அவருக்கு வயசு 53. அதுவரை ஜாஸ் வட்டாரத்தைத் தாண்டி அவரைப் பெரிதாக யாருக்கும் தெரியாது.

நிஜப் பெயர் ஜான் பால் லார்கின். 1942-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். பேச ஆரம்பித்த நாளிலிருந்தே திக்குவாய். 12 வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். வாயால் முடியாததை விரல்கள் பேசின. ஒருவகையில் அது ஒளிந்துகொள்ளும் இடமும்கூட. பியானோ முன்னாடி உட்கார்ந்துவிட்டால் யாரிடமும் பேச வேண்டியதில்லையே!

14 வயதில் எல்லா ஃபிட்ஜெரால்டு, லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் ரெக்கார்டுகள் வழியாக ‘ஸ்கேட்’ அறிமுகமானது. அதென்ன ஸ்கேட்? அர்த்தமில்லாத ஒலிகளை, வாத்தியம் வாசிப்பதுபோல அந்தந்த நேரத்துக்குத் தோன்றியபடி பாடுவது. திக்குவாய் உள்ள பலர் பாடும்போது திக்குவதில்லை. தாளம் கைகொடுக்கும், ஒலிகள் நீளும். ஸ்கேட்டில் இன்னொரு சௌகரியமும் உண்டு. இந்தச் சொல்தான் வரணும்னு கட்டாயமே கிடையாது.

ஆனாலும் வாழ்க்கை சுலபமாகிவிடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கிளப்களில் வாசித்த காலத்தில் குடியும் போதைப்பொருளும் சேர்ந்துகொண்டன. அதே பழக்கத்தில் சிக்கியிருந்த நண்பர், சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஃபாரெல் 1986-ல் இறந்துபோனார். அந்த அதிர்ச்சிதான் லார்கினைத் திருத்தியது. மனைவி ஜூடி துணை நின்றார்.

1990-ல் ஜெர்மனியின் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். ஸ்கேட்டை டான்ஸ் இசையோடு கலக்கலாமே என்றார் அவருடைய ஏஜென்ட். லார்கினுக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அதைவிடப் பெரிய பயம் வேறு. பாட்டு ஹிட்டானால் பேட்டி கொடுக்கணும். 50 வருஷமாக மறைக்கப் பார்த்தது ரேடியோவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்போது ஜூடி ஒரு யோசனை சொன்னார்: திக்குவாயைப் பற்றியே பாடிவிட்டால் என்ன?

அப்படியே செய்தார். 1994 கடைசியில் வெளியான பாட்டு பிரான்ஸ், சுவிட்சர்லாந்து உள்படப் பல நாடுகளில் முதலிடம், பிரிட்டனில் 3-ம் இடம். ‘ஸ்கேட்மேன்ஸ் வேர்ல்டு’ ஆல்பம் ஜப்பானில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. பயந்த பேட்டிகளும் வந்தன. திக்கித் திக்கியே, மறைக்காமல் பேசினார். திக்குவாய் உள்ளவர்களுக்காகச் செய்த பணிக்கு ‘ஆனி க்ளென்’ விருது கிடைத்தது. விண்வெளி வீரர் ஜான் க்ளென்னின் மனைவியான ஆனியும் திக்குவாயோடு வாழ்ந்தவர்தான்.

நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட பிறகும் லார்கின் பாடுவதை நிறுத்தவில்லை. 1999-ல் மூன்றாவது டான்ஸ் ஆல்பம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 3-ல், 57 வயதில் காலமானார்.