மருத்துவர் கிறீனின் மாண்பு

கல்முனைக் கரையிலே நோயாளர் முஸ்லிமாயினும் இந்துவாயினும் தம் நோவை எடுத்துரைப்பது தமிழிலேயாம். மருத்துவக் கல்விக்குத் தெரிவாகி எம்மிடம் விடைபெற வரும் மாணவரோ அக்கலையை ஆங்கிலத்திற் கற்கச் செல்கின்றனர். அவர்தம் திறமையில் எமக்கு ஐயமில்லை. கற்றபின் எத்தகைய குணத்தோடு திரும்புவர் என்பதே எம் கவலை. அவ்வேளையிலெல்லாம் எம் நெஞ்சில் எழுபவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

1822 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பிறந்த இவர், 1847 இல் அமெரிக்க மிஷனைச் சார்ந்து யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மருத்துவ வகுப்பொன்றைத் தொடக்கினார். பின்னர் மானிப்பாய் அவர்தம் பணிக்கு நிலைக்களமாயிற்று. போதனை முதலில் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. மாணவர் நன்கு கற்றனர். ஆயினும் ஆங்கிலத் தேர்ச்சி பெற்ற பலர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து ஏழை முன்போலவே மருத்துவரின்றி இருந்தான்.

மாணவரைப் பழித்து வாளாவிருத்தல் கிறீனின் இயல்பன்று. 1857 இல் தாயகஞ் சென்று 1862 இல் மீண்ட அவர், தம் போதனை முறையையே மாற்றித் தமிழிலே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலமே மதிப்பும் ஊதியமும் நல்கிய அக்காலத்தில் அஃது எளிய செயலன்று. மாணவர் மேனாட்டு உடையும் நடையும் மேற்கொள்வதையும் அவர் விரும்பிலர்; தம் மக்களோடு மக்களாய் வாழ்பவனிடமே நோயாளி மனந்திறப்பான் என்பது அவர் கருத்து.

தமிழில் நூலில்லாக் குறையை நீக்கத் தம் மாணவரையே துணைக்கொண்டார். ஏற்ற தமிழ்ச்சொல்லை முதலில் தேடுவர். அஃதில்லையேல் வடசொல்லை நாடுவர். அதுவும் இல்லாவிடத்து மேனாட்டுச் சொல்லைத் தமிழுருவாக்குவர். இவ்வாறு இரண வைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதம் 1872 இலும், கெமிஸ்தம் 1875 இலும் வெளிவந்தன. கெமிஸ்தம் என்னும் பெயரே அம்முறைக்குச் சான்றாகும்.

உடல்நலங் குன்றி 1873 இல் அவர் தாயகம் திரும்பினார். கடல் கடந்தும் தமிழ்ப்பணி ஓய்ந்திலது. ஆங்கிருந்தே மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் 1883 இல் வெளியாயிற்று. மறு ஆண்டு அவர் மறைந்தார். அவர்தம் கல்லறைக் கல், அவரைத் தமிழர்க்கு உழைத்த மருத்துவத் தொண்டரென்றே குறிக்கின்றது. அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கும் மேற்பட்டோர்.

அயல்நாட்டார் ஒருவர் நம் மொழியைக் கற்று நம் நோயாளரை அணுகினார். அம்மொழியிலே பிறந்த நம் இளம் மருத்துவர், நோயாளர் கூறுவதைப் பொறுமையோடு கேட்டலும், நோயின் தன்மையை அவர்க்கு விளங்கும் தமிழில் உரைத்தலும் அரிதாமோ? கைத்திறனைக் கல்லூரி கொடுக்கும். பணிவையும் பொறுமையையும் ஒவ்வொருவரும் தாமே பயிலல் வேண்டும். விடைபெற வரும் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே.