500 யென் விஸ்கி குடித்த முதலாளி

1960-ம் ஆண்டுகளில் ஜப்பான் நாட்டுக் கம்பெனி ஒன்று மூன்று விலைகளில் விஸ்கி விற்றது. ஒரு புட்டி 3,000 யென். இன்னொன்று 1,000 யென். மூன்றாவது 500 யென். மூன்றையும் உருவாக்கியவர் ஒரே மனிதர். முகர்ந்து பார்த்தே விஸ்கியின் குணத்தைச் சொல்லிவிடக் கூடியவர். கம்பெனியை ஆரம்பித்தவரும் அவரே. அவருடைய வீட்டில் இரவில் திறக்கப்பட்டது எந்தப் புட்டி? 500 யென் புட்டிதான்!

அவர் கருமி அல்ல. மூன்றாயிரம் யென் சரக்கின் அருமை தெரியாதவரும் அல்ல. அப்படியானால் ஏன் அந்த மலிவுச் சரக்கு? இந்தக் கேள்விக்கு விடை அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் மாசடாகா டாகெட்சுரு. ஜப்பானிய விஸ்கியின் தந்தை என்று உலகம் அழைப்பது இவரைத்தான்.

மூக்கில் பட்ட அடி

1894-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி, ஹிரோஷிமா மாகாணத்தைச் சேர்ந்த தாகேஹாரா என்ற ஊரில் டாகெட்சுரு பிறந்தார். சாக்கே என்னும் அரிசி மது தயாரிப்பதே பரம்பரைத் தொழில். இவர் மூன்றாவது மகன்.

சிறு வயதில் ஒரு நாள் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்தார். மூக்கில் பலத்த காயம். தையல் போட வேண்டியதாயிற்று. காயம் ஆறிய பிறகு ஒரு விந்தை. மற்றவர்களுக்குத் தெரியாத வாசனையெல்லாம் அவருக்குத் தெரிய ஆரம்பித்ததாம்! பிற்காலத்தில் இதை அவரே சொல்லி மகிழ்வது உண்டு.

ஒசாகா நகரத் தொழிற்கல்லூரியில் மது தயாரிப்பு பற்றிப் படித்தார். 1916-ல் அதே நகரத்தில் செட்சு என்ற மதுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் ஜப்பானில் விஸ்கி என்று விற்றதெல்லாம் போலிச் சரக்கு. வெறும் சாராயத்தில் சாயத்தையும் வாசனைச் சத்தையும் கலந்து புட்டியில் அடைத்து விடுவார்கள். அசல் விஸ்கியை எப்படிச் செய்வது என்று அறிந்தவர் அங்கு யாரும் இல்லை. செட்சு முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். இளைஞரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பி, அந்த வித்தையைக் கற்று வரச் செய்வது! 1918-ல் டாகெட்சுரு அமெரிக்கா வழியாகக் கப்பல் பிரயாணம் செய்து பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்.

வாலைக்குள் புகுந்த மாணவர்

கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ரசாயனம் படித்தார். ஆனால் விஸ்கி வித்தை புத்தகத்தில் மட்டும் கிடைப்பது அல்லவே! 1919-ல் வடக்கே எல்ஜின் பிரதேசத்துக்குப் போனார். விஸ்கியைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய நெட்டில்டன் என்பவரை அணுகினார். அவர் கேட்ட சம்பளம் மாணவரின் சக்திக்கு மீறியது. மனம் தளராமல், லாங்மார்ன் என்ற வடிசாலையில் சில நாட்கள் வேலை பழக அனுமதி வாங்கினார்.

ஸ்காட்லாந்து விஸ்கியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பார்லியை முளைகட்டி, உலர்த்தி, புளிக்கவைத்து, அந்த ஊறலைச் செம்பு வாலையில் இரண்டு முறை காய்ச்சி வடிப்பது. பார்லியை உலர்த்தும்போது பீட் என்னும் மண்கட்டியை எரிப்பது உண்டு. சதுப்பு நிலத்தில் புல்பூண்டுகள் மட்கி இறுகியதுதான் பீட். அதன் புகை வாசனை விஸ்கியில் தங்கிவிடும். இரண்டாவது ஜாதி, மக்காச்சோளம் போன்ற தானியங்களை உயரமான தூண் வாலையில் இடைவிடாமல் வடிப்பது. இது மென்மையானது, செலவும் குறைவு. இரண்டும் ஓக் மரப் பீப்பாய்களில் வருஷக் கணக்கில் உறங்கவேண்டும். பிறகு இவற்றை அளவாகக் கலப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கலப்பவர் குடித்துப் பார்ப்பதைவிட முகர்ந்து பார்ப்பதே அதிகம். தண்ணீர் விட்டு, வாசனை விரிந்ததும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார்.

வாலையின் உட்புறம் எப்படி இருக்கிறது என்று அறிய, அதைச் சுத்தம் செய்யும் வேலையைத் தாமே கேட்டு வாங்கி உள்ளே புகுந்தார் டாகெட்சுரு. தூண் வாலையை போனெஸ் என்ற ஊரில் பழகினார். 1920-ல் காம்பெல்டவுன் நகரில் ஹேசல்பர்ன் வடிசாலையில் சில மாதங்கள் வேலை பார்த்தார். கண்டதையெல்லாம் படங்களுடன் நோட்டுப் புத்தகங்களில் குறித்துக்கொண்டார். இந்தக் குறிப்புகளே ஜப்பானிய விஸ்கிக்கு அடித்தளம்.

ரீட்டா

வித்தையோடு ஒரு மனைவியும் கிடைத்தாள்! கிளாஸ்கோவுக்கு அருகே கிர்க்கின்டில்லாக் என்ற ஊரில் ஒரு டாக்டர் குடும்பம். டாக்டர் காலமாகிவிட்டார். அந்த வீட்டுப் பையனுக்கு ஜூடோ கற்றுக்கொடுக்கப் போன டாகெட்சுரு, அவனுடைய அக்காள் ரீட்டா கவனைக் கண்டு காதல் கொண்டார். கிறிஸ்துமஸ் விருந்தில் பலகாரத்துக்குள் ஒளித்து வைத்த வெள்ளிக் காசு இவருக்கும், கல்யாண யோகத்தைக் குறிக்கும் தையல் விரலுறை அவளுக்கும் கிடைத்ததாம்.

இரு குடும்பத்தாருக்கும் இதில் சம்மதம் இல்லை. 1920 ஜனவரி 8-ந் தேதி பதிவு அலுவலகத்தில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. ரீட்டாவுக்காக ஸ்காட்லாந்திலேயே தங்கிவிடவும் அவர் தயாராக இருந்தார். ரீட்டாதான் மறுத்தாள். ஜப்பானில் அசல் விஸ்கி செய்யவேண்டும் என்ற அவருடைய கனவில் தானும் பங்கு கொள்ள விரும்பினாள். அந்த ஆண்டே இருவரும் ஜப்பான் சேர்ந்தார்கள்.

முதல் தோல்வி

ஆனால் ஜப்பானில் யுத்தத்துக்குப் பிந்திய வியாபார மந்தம். வடிசாலை கட்டச் செட்சு கம்பெனியிடம் பணம் இல்லை. போலிச் சரக்கு செய்ய மனமில்லாமல் டாகெட்சுரு வேலையை விட்டார். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தார். ரீட்டா இங்கிலீஷும் பியானோவும் கற்பித்தாள்.

1923-ல் ஷின்ஜிரோ தோரி என்ற பெரிய மது வியாபாரி அவரை அழைத்தார். பத்து வருஷ ஒப்பந்தம். ஆண்டுக்கு 4,000 யென் சம்பளம். கியோட்டோவுக்கு அருகே யாமசாக்கியில் ஜப்பானின் முதல் விஸ்கி வடிசாலை 1924-ல் எழுந்தது. 1929-ல் அதன் முதல் விஸ்கி கடைக்கு வந்தது. விலை, ஸ்காட்லாந்துச் சரக்கோடு போட்டி போடும் உயர்ந்த விலை.

ஜனங்கள் குடித்துப் பார்த்து முகம் சுளித்தார்கள். புகை நாற்றம் என்றார்கள்! எந்த வாசனையைக் கற்க அவர் கடல் கடந்து போனாரோ, அந்த வாசனையே குற்றமாகிவிட்டது. ஜப்பானியர் நாக்குக்கு ஏற்ப மென்மையாக்க வேண்டும் என்பது தோரியின் கட்சி. ஸ்காட்லாந்து ருசியை விடக் கூடாது என்பது டாகெட்சுருவின் கட்சி. ஒப்பந்தம் முடிந்த பின், 1934-ல் டாகெட்சுரு விலகினார்.

ஆப்பிள் ரசமும் விஸ்கியும்

வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவு குளிர்ப் பிரதேசம். நல்ல தண்ணீர், பீட், நிலக்கரி எல்லாம் அங்கே கிடைக்கும். ஸ்காட்லாந்தைப் போலவே இருந்த யோயிச்சி என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார். ரீட்டா இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த குடும்பங்களின் பழக்கத்தால் பணம் போடுவோர் கிடைத்தனர்.

விஸ்கி முதிர வருஷக் கணக்காகுமே, அதுவரை பிழைப்பது எப்படி? பக்கத்துத் தோட்டங்களின் ஆப்பிளை வாங்கி ரசம் பிழிந்து விற்றார். கம்பெனியின் பெயரே ஜப்பான் பழரசக் கம்பெனி என்று பொருள்படுவது. அதிலும் கலப்படம் கிடையாது. ஆகவே விலை அதிகம்; விற்பனை குறைவு! 1936-ல் ஒரே ஒரு செம்பு வாலையுடன் விஸ்கி வடிக்கத் தொடங்கினார். 1940-ல் முதல் நிக்கா விஸ்கி வெளிவந்தது.

அடுத்து உலக யுத்தம். வடிசாலை கடற்படைக்குச் சரக்கு கொடுத்துப் பிழைத்தது. ஆனால் பிரிட்டன் எதிரி நாடு. ஊறுகாய் போடுவது வரை ஜப்பானியப் பெண்ணாகவே வாழ்ந்த ரீட்டாவைப் போலீசார் வேவு பார்த்தார்கள். அவள் ஊரை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் தரம்

உண்மையான சோதனை யுத்தம் முடிந்த பிறகுதான் வந்தது. வரிச் சட்டம் விஸ்கியைத் தரம் பிரித்திருந்தது. மூன்றாம் தர விஸ்கியில் அசல் விஸ்கி 5 சதவிகிதத்துக்குள் இருந்தால் போதும். துளிகூட இல்லாவிட்டாலும் சட்டப்படி அது விஸ்கிதான்! வறுமைப்பட்ட ஜனங்கள் அந்த மலிவுச் சரக்கையே வாங்கினார்கள். மற்ற கம்பெனிகள் கொழித்தன. டாகெட்சுரு மட்டும் மறுத்து நின்றார். கடன் ஏறியது. பணம் போட்டவர்கள் நெருக்கினார்கள். தொழிலாளிகளின் சோறு கேள்விக்குறியாகிவிட்டது.

1950-ல் அவர் வளைந்து கொடுத்தார். மூன்றாம் தர விஸ்கி செய்யச் சம்மதித்தார். ஆனால் தமக்கே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டார். சட்டம் அனுமதித்த உச்சி வரை அசல் விஸ்கி சேர்க்கவேண்டும். செயற்கை வாசனையும் சாயமும் கூடாது. இதனால் மலிவுச் சரக்கிலும் அவருடையது விலை கூடுதலாகவே இருந்தது.

மலிவு என்பதற்காக மட்டமாகச் செய்யலாமா? கூடாது என்பதே அன்று அவர் கற்ற பாடம். அதன் பிறகு அவருடைய உழைப்பெல்லாம் இதைச் சுற்றியே நடந்தது.

மூன்று புட்டிகள்

1952-ல் கம்பெனியின் பெயர் நிக்கா விஸ்கி என்று மாறியது. 1954-ல் அசாஹி பீர் கம்பெனி பெரும் பங்கை வாங்கிக் கைகொடுத்தது.

1961 ஜனவரி 17-ந் தேதி ரீட்டா காலமானாள். டாகெட்சுரு இடிந்துபோனார். பிறகு, சுவீகாரப் புத்திரர் தாகேஷியுடன் பரிசோதனை அறையில் புகுந்தார். பீப்பாய் பீப்பாயாக முகர்ந்து கலந்து அவர் செய்த விஸ்கி 1962-ல் வெளிவந்தது. கையால் ஊதிச் செய்த கண்ணாடிப் புட்டி. பெயர் சூப்பர் நிக்கா. விலை 3,000 யென். அது மனைவிக்குச் செய்த அஞ்சலி.

அடுத்த வருஷம் ஸ்காட்லாந்திலிருந்து பழைய மாதிரித் தூண் வாலை ஒன்றைத் தருவித்து நிறுவினார். அதைவிட நவீனமான யந்திரங்கள் அப்போதே உண்டு. ஆனால் பழைய யந்திரம்தான் தானியத்தின் ருசியைச் சரக்கில் விட்டுவைக்கும். அந்த மென்மையான விஸ்கியைக் கலந்த பிளாக் நிக்கா 1965-ல் 1,000 யென்னுக்கு வந்தது. அதற்கு முந்தின ஆண்டு, 1964-ல் வந்தது 500 யென் ஹை நிக்கா.

இந்த ஹை நிக்காதான் அவருடைய அன்றாடப் புட்டி! 3,000 யென் சரக்கு விசேஷத்துக்கு உரியது. சாதாரணச் சம்பளக்காரன் மாலையில் வாங்கக்கூடியது 500 யென் சரக்கு. அதைத் தானே தினமும் குடிக்கும் முதலாளி அதில் தரம் குறைய விடுவாரா? விலை உயர்ந்ததில் முதிர்ந்த சரக்கு அதிகம், மலிவானதில் குறைவு. வேற்றுமை அவ்வளவோடு நிற்கவேண்டும். நாணயத்தில் வேற்றுமை இருக்கக் கூடாது. 1950-ல் மனம் நொந்து செய்த காரியத்துக்கு அவர் கண்ட பரிகாரம் அது.

1967-ல், 70 வயதைத் தாண்டியவர், இரண்டாவது வடிசாலைக்கு இடம் தேடி செண்டாய் பக்கம் போனார். அங்கே ஆற்றுத் தண்ணீரை எடுத்து பிளாக் நிக்காவில் கலந்து குடித்துப் பார்த்தார். அங்கேயே இடம் முடிவாயிற்று! 1969-ல் வடிசாலை எழுந்தது.

1979 ஆகஸ்டு 29-ந் தேதி, 85-வது வயதில் டாகெட்சுரு மறைந்தார். 2001-ல் பிரிட்டிஷ் விஸ்கிப் பத்திரிகை ஒன்று உலக விஸ்கிகளை ருசி பார்த்து ஒப்பிட்ட போட்டியில், யோயிச்சியின் 10 வருஷ விஸ்கி முதலிடம் பெற்றது. 2008-ல் அதே வடிசாலையின் 20 வருஷ விஸ்கி உலகின் சிறந்த ஒற்றை மால்ட் என்று பரிசு வாங்கியது.

யோயிச்சியில் செம்பு வாலைகளின் கீழே இன்றும் நிலக்கரி நெருப்பு எரிகிறது. அந்த ஊர்க் குன்றின்மேல் கணவனும் மனைவியும் ஒரே கல்லறையில் உறங்குகிறார்கள்.